வடபாதையில் வந்த மக்கள்: நாலந்தா வழியும் மலையகத் தமிழரின் சமத்துவ முயற்சிகளும்

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருந்தெருவில் அமைந்துள்ள நாலந்தா, வரலாற்று மாணவருக்கு அதன் கெடிகேயாலேயே பெரிதும் அறிமுகமானது. கி.பி. 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட காலத்ததெனக் கொள்ளப்படும் இக்கற்கோயில், பல்லவர் கட்டடக் கலையின் சாயலும் பௌத்த வழிபாட்டு மரபும் ஒருங்கே அமைந்த ஒன்றாகும். தென்னிந்தியாவுக்கும் இலங்கையின் நடுநாட்டுக்கும் இடையே நிலவிய தொடர்பின் பழமைக்கு இதனைச் சான்றாகக் காட்டுதல் அறிஞர் வழக்கம். ஆயின் அதே தெருவழியே 19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து வந்த வேறொரு தொடர்பும் உண்டு. அது கல்லில் எழுதப்படவில்லை. கோப்பித் தோட்டங்களை நோக்கிக் கால்நடையாக வந்த தொழிலாளரின் வருகையே அது. அம்மக்களும் அவர்தம் வழித்தோன்றல்களும் சம உரிமைக்காகவும் தம் குடும்பங்களின் நல்வாழ்வுக்காகவும் தாமாகவே மேற்கொண்ட முயற்சிகளை வரலாற்று முறையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வடபாதை

1820களில் கம்பளைக்கு அண்மையில் தொடங்கிய கோப்பிப் பயிர்ச்செய்கை, 1840களில் கண்டிச் சீமை முழுவதும் பரவியது. காணியும் முதலும் ஆங்கிலேயர் கையில் இருந்தன. உழைப்புக்கு ஆள் வேண்டியிருந்தது. தம் வயலை விட்டுக் கூலிக்கு வரக் கண்டிய விவசாயி பெரும்பாலும் முன்வரவில்லை. எனவே தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து, வறுமையாலும் சாதிக்கொடுமையாலும் நலிந்த மக்கள் கங்காணிமார் மூலம் திரட்டப்பட்டனர். அவர்கள் படகேறித் தலைமன்னாரிலும் அதனையடுத்த கரைகளிலும் இறங்கி, மன்னார், மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா ஆகிய இடங்களைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். வறண்ட காட்டினூடே நீரும் நிழலும் அரிதாகிய இவ்வழியில், மலேரியாவுக்கும் வாந்திபேதிக்கும் இரையானோர் மிகப் பலர். வழியிலே விழுந்தவரைப் புதைத்துவிட்டு எஞ்சியோர் நடந்தனர்.

மாத்தளை இவ்வழியின் முடிவிடமாகவும் மலைநாட்டின் வாயிலாகவும் விளங்கியது. அங்கிருந்தே தொழிலாளர் பல திசைத் தோட்டங்களுக்கும் பிரிந்து சென்றனர். அந்நகரிலுள்ள முத்துமாரியம்மன் கோயில் இம்மக்களின் வழிபாட்டோடு பின்னிப் பிணைந்தது. காட்டுவழி நடந்து உயிர் தப்பி வந்தோர் முதலில் நிறுவிய பொது நிறுவனம் கோயிலே என்பது கருதற்பாலது. தோட்டத்தில் அவர்களுக்குரியதாக ஒன்றும் இல்லை. லயத்துக் காம்பரா தோட்டத்துக்குரியது, பிரட்டுக்களம் துரைக்குரியது, பெயர்ப்பதிவு கணக்கப்பிள்ளையிடம் இருந்தது. தாமே பணம் சேர்த்துத் தாமே நடத்திய திருவிழா ஒன்றே அவர்களுடையதாக இருந்தது. பிற்காலச் சங்கங்களுக்கு வேண்டிய கூட்டுப் பழக்கமும் பொதுப்பணம் பேணும் வழக்கமும் இங்கிருந்தே வளர்ந்தன எனக் கொள்ள இடமுண்டு.

1869இல் கோப்பியைத் தாக்கிய இலைநோய் இரு தசாப்தங்களுள் அப்பயிரை அழித்தது. அதனிடத்தைத் தேயிலை பிடித்தது. இம்மாற்றம் சமூக வரலாற்றில் மிக முக்கியமானது. கோப்பி, பருவத்துக்கு ஆள் வேண்டும் பயிர். பழம் பறித்து முடிந்ததும் தொழிலாளர் ஊர் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டிய பயிர். ஆகவே பெண்களும் பிள்ளைகளும் குடும்பமாகக் குடியேறி நிலைத்தனர். 1880இல் புகையிரதம் மாத்தளையை எட்டியது. 1914இல் தலைமன்னார்ப் பாதை திறக்கப்பட்டபின் நாலந்தா வழியே நடந்து வரும் தேவை அற்றுப்போயிற்று. வந்து போனவர் என்ற நிலை மாறி, இங்கேயே பிறந்து இங்கேயே மடியும் ஒரு சமுதாயம் உருவாயிற்று. அரசும் அரசியல்வாதிகளும் இம்மாற்றத்தை ஒப்புக்கொள்ள மறுத்தமையே பிற்காலத் துன்பங்களுக்கெல்லாம் மூலம் எனலாம்.

துண்டும் தண்டனையும்

தோட்டத் தொழிலாளரைக் கட்டிவைத்த கயிறுகள் இரண்டு. ஒன்று சட்டம். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குவது சிறைத் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. மற்றையது கடன். ஊரில் பெற்ற முற்பணமும் வழிச்செலவும் தொழிலாளியின் பெயரில் எழுதப்பட்டன. கடனைத் தீர்த்தால் இத்தொழிலாளரை விடுவிக்கலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே 'துண்டு' எனப்பட்டது. துண்டைக் காட்டிப் புதிய தோட்டத்தில் பணம் பெற்றுப் பழைய கடனைத் தீர்ப்பர். கடன் தோட்டம் மாறுமேயன்றித் தொழிலாளியை விட்டு நீங்காது.

இக்கொடுமைக்கு எதிராக முதன்முதற் குரல் கொடுத்தோருள் சேர் பொன்னம்பலம் அருணாசலம் குறிப்பிடத்தக்கவர். 1919இல் இலங்கைத் தொழிலாளர் நலவுரிமைச் சங்கத்தை அவர் நிறுவினார். 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் சிறைத் தண்டனை விதிகளும் நீக்கப்பட்டன. ஆயினும் இம்முயற்சிகள் தோட்டத்துக்கு வெளியே நின்ற நல்லோரின் முயற்சிகளாகவே அமைந்தன. தோட்டத்தினுள்ளே தொழிலாளரை அமைப்பாகத் திரட்டும் பணி இன்னும் தொடங்கவில்லை.

அப்பணியைத் தொடங்கியவர் தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர். தோட்டத்துக்குள் அயலார் நுழைதல் அத்துமீறலாகக் கருதப்பட்ட காலத்தில், தோட்ட மக்களின் நிலையை நேரில் கண்டறிந்து பத்திரிகைகளில் எழுதினார். தேசநேசன், தேசபக்தன் ஆகிய ஏடுகள் அவர் கருவிகளாயின. 1931இல் ஹட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவர் துணைவியார் மீனாட்சியம்மை, தொழிலாளரின் துயரைப் பாட்டாக்கிக் கூட்டங்களிற் பாடினார். எழுத்தறியாத மக்களிடையே பத்திரிகை செய்ய இயலாததைப் பாட்டுச் செய்தது. பெண்கள் பெருந்தொகையினராக உழைத்த ஒரு தொழிலில், மேடையேறிப் பேசிய பெண்ணொருவரின் பங்கு தனியாக ஆராயப்பட வேண்டியதாகும்.

1927இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இயற்றப்பட்டது. இதன்படி 1929இல் உயர்நிலத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் பிள்ளைக்கு 32 சதமும் எனக் கூலி வரையறுக்கப்பட்டது. கூலிக்கு ஓர் அடித்தளம் கிடைத்தது நன்மையே. ஆனால் பெண்ணின் உழைப்பு ஆணின் உழைப்பிற் குறைந்தது என்பதும், பிள்ளை படிக்க வேண்டிய வயதில் கூலிக்கு நிற்கலாம் என்பதும் இதன்மூலம் சட்டத்தில் எழுதப்பட்டுவிட்டன. ஒரு கூலி போதாமையால் குடும்பம் முழுவதும் பிரட்டுக்குப் போயிற்று. குடும்பம் முழுவதும் போனமையால் பள்ளி வெறுமையாயிற்று. ஓராசிரியர் தோட்டப் பள்ளிகள் பல அடுத்த அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்நிலையிலேயே இருந்தன.

வாக்கும் குடியுரிமையும்

1931இல் டொனமூர் அரசியலமைப்பு சர்வசன வாக்குரிமையை வழங்கியபோது, இந்திய வம்சாவளியினருக்கு அது பல நிபந்தனைகளோடேயே கிடைத்தது. 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியர் நீக்கப்பட்டனர். இதனையொட்டி அவ்வாண்டு ஜூலையில் ஜவாஹர்லால் நேரு இலங்கை வந்தபோது இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவாயிற்று. மறு ஆண்டில் அதன் தொழிற்சங்கப் பிரிவும் தோன்றியது. 1940 ஜனவரி 10ஆம் நாள் ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். சங்கம் அமைக்கும் உரிமைக்காக மலையகம் கொடுத்த முதல் உயிர்களுள் அது ஒன்று.

1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் எழுவர் வெற்றி பெற்றனர். நுவரெலியா, தலவாக்கலை, கொட்டகலை, நாவலப்பிட்டி, மஸ்கெலியா, பதுளை, அலுத்நுவரை ஆகியன அவர்களின் தொகுதிகள். மாத்தளை இப்பட்டியலில் இல்லை என்பதை நாம் கவனித்தல் வேண்டும். மாத்தளை மாவட்டத்துத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களிடையே சிதறிக் கிடந்தன. தனித்து நின்று ஓர் உறுப்பினரைத் தெரிவு செய்யும் எண்ணிக்கை அவர்களுக்கு இல்லை. ஆகவே இப்பகுதி மக்களைப் பொறுத்தவரை கோயில், சங்கக் கிளை, பள்ளி என்பனவே பொதுவாழ்வின் அரங்குகளாயின. அயற் கிராமத்தவருடன் நல்லுறவு பேணுவதும் அவர்களுக்கு உயிர்வாழ்வுக்கான தேவையாயிற்று.

எழுவரின் வெற்றி நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தை வழியாக இலங்கைப் பிறப்பை நிறுவுமாறு கேட்டது. பிறப்புப் பதிவே அரிதாயிருந்த லயங்களில் இது எங்ஙனம் இயலும்? 1949இன் 3ஆம் இலக்கச் சட்டம் பதிவு மூலம் குடியுரிமை பெறும் ஒரு குறுகிய வாயிலைத் திறந்தது; அவ்வாண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமையற்றோரின் வாக்கைப் பறித்தது. 1952இல் இதனை எதிர்த்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் கொழும்பிற் சத்தியாக்கிரகம் நடாத்தியது. பதிவுச் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 825,000 பேருக்காக விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. ஏறத்தாழ 134,000 பேருக்கே குடியுரிமை கிடைத்தது. 1952 தேர்தல் முதல் 1977 வரை, மலையகத் தமிழர் தம் வாக்கால் ஒரு பிரதிநிதியையும் பாராளுமன்றத்துக்கு அனுப்ப இயலவில்லை.

ஒப்பந்தங்களும் குடும்பங்களும்

1964 ஒக்ரோபர் 30ஆம் நாள் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நாடற்றோர் 975,000 பேர் எனக் கணிக்கப்பட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். ஒப்பந்தம் பேசிய மேசையில் அம்மக்களின் பிரதிநிதி எவரும் இல்லை. 1984இற் கப்பற்சேவை நிற்கும்வரை ஏறத்தாழ 337,000 பேர் தலைமன்னார் வழியே அனுப்பப்பட்டனர். பாட்டனார் இறங்கிய கரையிலேயே பேரன் கப்பலேறினான். அண்ணன் இந்தியப் பிரஜை, தம்பி இலங்கைப் பிரஜை எனக் குடும்பங்கள் பிளவுற்றன.

இதே காலத்திலேயே நாலந்தாவிலும் ஓர் இடமாற்றம் நிகழ்ந்தது. மகாவலித் திட்டத்தின் போவத்தென்ன நீர்த்தேக்கத்தால் கெடிகே நீரில் அமிழும் நிலை ஏற்படவே, அக்கோயில் கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு உயர்ந்த இடமொன்றில் முன்னிருந்தவாறே மீளக் கட்டப்பட்டது. 1980இல் அப்பணி நிறைவெய்தியது. தொல்லியலாளரின் அக்கவனம் போற்றத்தக்கதே. ஒரு தொன்மையைப் பெயர்த்து வைப்பதற்கு இத்துணைக் கவனம் வேண்டுமெனின், ஒரு குடும்பத்தைப் பெயர்த்து வைப்பதற்கு எத்துணைக் கவனம் வேண்டும் என்ற வினாவே இங்கு எழுகின்றது.

அரசு செய்யாத பணியை மக்கள் தாமே செய்ய முற்பட்டமைக்குச் சில சான்றுகளை ஈண்டு நோக்கலாம். ஹட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரியிற் பணியாற்றிய இர. சிவலிங்கம் முதலியோரின் தூண்டுதலால் 1960களில் படித்த இளைஞர் தலைமுறையொன்று உருவாயிற்று. இந்தியத் தமிழர் என்ற பெயருக்குப் பதிலாக மலையகத் தமிழர் என்ற பெயரை நிலைநாட்டியதில் அத்தலைமுறைக்குப் பெரும் பங்குண்டு. பெயர் மாற்றம் வெறும் சொல் மாற்றமன்று. வந்த ஊரால் அழைக்கப்படுவதை விடுத்து வாழும் மண்ணால் அழைக்கப்பட விரும்பிய ஒரு மக்கட்கூட்டத்தின் அரசியற் கூற்று அது.

1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. வேலையும் காம்பராவும் இழந்த குடும்பங்கள் பல வடக்கு நோக்கிப் பெயர்ந்தன. 1977 மே மாதத்தில் டெவன் தோட்டக் காணி சுவீகரிப்பை எதிர்த்த தொழிலாளர் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் சிவனு லெட்சுமணன் உயிர்நீத்தார். அவ்வாண்டின் இனவன்செயலின் பின் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளுக்குச் சென்ற குடும்பங்களுக்குக் காந்தீயம் என்னும் இயக்கம் கைகொடுத்தது. எஸ். ஏ. டேவிட், மருத்துவர் இராஜசுந்தரம் ஆகியோர் முன்னின்ற இவ்வியக்கம், குடியிருப்புகளையும் கூட்டுப் பண்ணைகளையும் பாலர் பள்ளிகளையும் அமைத்தது. 1983இல் இருவரும் கைதுசெய்யப்பட்டனர். அவ்வாண்டு ஜூலையில் வெலிக்கடைச் சிறைப் படுகொலையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். அதே ஜூலையில் மாத்தளை நகரிலே தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன.

இத்தகைய காலத்திலும் தோட்ட மக்களின் கூட்டுமுயற்சி ஓயவில்லை. 1984 வேலைநிறுத்தத்தின் பயனாக ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்கூலி கிடைத்தது. 1920களின் சட்டம் எழுதிவைத்த வேற்றுமை நீங்க ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1986 தைப்பொங்கல் முதல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் பிரார்த்தனை இயக்கத்தை நடாத்தியது. காலையில் வேலைக்குச் செல்லாது கோயில்களிற் கூடி நண்பகல் வரை வழிபடுவதே அதன் முறை. வன்செயலின் வடு ஆறாத சூழலில், பகையைத் தூண்டாது அதே வேளையில் தேயிலைத் தொழிலை நிறுத்திக் காட்டும் வழியாக அது அமைந்தது. கோயிலில் தொடங்கிய கூட்டுவாழ்வு அரசியற் கருவியாக முதிர்ந்த தருணம் அதுவெனக் கூறின் மிகையாகாது. இதன் விளைவாக, இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காதிருந்த 94,000 பேருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் இலங்கைக் குடியுரிமை வழங்க 1986ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. 1988இலும் 2003இலும் வந்த சட்டங்கள் நாடற்ற நிலையை முற்றாக நீக்க முனைந்தன. 1948இல் பூட்டிய கதவு திறக்க 55 ஆண்டுகள் சென்றன.

மீண்டும் வடபாதை

குடியுரிமை கிடைத்தபின் சமத்துவமும் கிடைத்துவிட்டதா? வாக்களிக்கும் குடிமகன் வாழும் லயம் தோட்டக் கம்பனியின் சொத்தாகவே இருந்தது. 1987இன் பிரதேச சபைச் சட்டத்தின் ஏற்பாடொன்றினால், தோட்டக் குடியிருப்புகளில் தெருவோ குடிநீரோ அமைக்கப் பிரதேச சபைக்கு இயலாதிருந்தது. வாக்குப் பெற்ற சபை உறுப்பினர், வாக்களித்தவரின் வாசலுக்குப் பணி செய்ய இயலாத விந்தை அது. 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. அவ்வாண்டிலேயே பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையும் சட்டத்தால் அமைக்கப்பட்டது.

2023, முதற் கோப்பித் தோட்டக் காலத்திலிருந்து 200ஆம் ஆண்டாகக் கொள்ளப்பட்டது. அவ்வாண்டு ஜூலை இறுதியில் 'மாண்புமிகு மலையக மக்கள்' என்னும் கூட்டமைப்பின் ஏற்பாட்டில் தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் புறப்பட்டது. முன்னோர் நடந்த வழியையே பின்பற்றி, ஏறத்தாழ 250 கிலோமீற்றர் கடந்து, ஓகஸ்ட் 12ஆம் நாள் அது மாத்தளையை அடைந்தது. தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் இடையே நாலந்தா வழியாகச் சென்ற அந்த நடையில் ஆணும் பெண்ணும், தொழிலாளரும் ஆசிரியரும், சமயத் தலைவரும் கலந்துகொண்டனர். சிங்கள, முஸ்லிம் மக்களும் உடன் நடந்தனர்.

அவர்கள் முன்வைத்த 11 கோரிக்கைகளும் ஆராயத்தக்கன. வரலாறும் பங்களிப்பும் ஏற்கப்படல், ஏனைய இனங்களுக்கு நிகரான தனித்துவச் சமூகமாக அங்கீகரிக்கப்படல், வாழ்வதற்குப் போதிய கூலி, பெண்களுக்குச் சமநீதி, வீட்டுக்கும் வாழ்வாதாரத்துக்குமான காணியுரிமை, கல்வியிலும் சுகாதாரத்திலும் பின்தங்கிய நிலையைச் சீர்செய்யும் விசேட ஏற்பாடுகள், தமிழ்மொழியில் அரச சேவை, வீட்டுப் பணியாளரின் பாதுகாப்பு, நீதியான தேர்தல் முறை என்பன அவற்றுட் சில. இவற்றைப் பழைய கோரிக்கைகளோடு ஒப்பிடுமிடத்து ஒரு வளர்ச்சி புலனாகின்றது. நடேசய்யர் காலத்தில் தொழிலாளியின் கூலி பேசப்பட்டது. 1948க்குப் பின் குடிமகனின் வாக்கு பேசப்பட்டது. 2023இல் குடும்பத்தின் காணியும் சமூகத்தின் மதிப்பும் பேசப்பட்டன. காணியுறுதி இல்லாத குடும்பம் வேலையை இழந்தால் வீட்டையும் இழக்கும். வீட்டை இழக்க அஞ்சுவோர் பிள்ளையை வேறு தொழிலுக்குத் துணிந்து படிப்பிக்கவும் அஞ்சுவர். ஆதலின் காணியுரிமை ஏனைய வாய்ப்புகளுக்கெல்லாம் அடிப்படை என்று அவர்கள் கொண்டமை பொருத்தமானதே.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து இரு கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, மலையக மக்களின் உரிமைகளுள் எதுவும் கேளாமற் கிடைத்ததன்று. துண்டு ஒழிப்பு முதல் குடியுரிமை வரை ஒவ்வொன்றும் கூட்டாகக் கேட்டும் பொறுத்தும் சிலர் உயிர்கொடுத்தும் பெறப்பட்டதே. இரண்டாவது, சட்டத்தால் வழங்கப்படும் உரிமை லயத்து வாசலை அடைவதற்குள் ஒரு தலைமுறை கழிந்துவிடுகின்றது. இவ்விடைவெளியைக் குறைப்பதே இனிச் செய்ய வேண்டிய பணியாகும்.

வரலாற்று மாணவர்க்கும் இதில் ஒரு கடமையுண்டு. நாலந்தாக் கெடிகேயின் கற்களை அளந்து எழுதிய நாம், அதே தெருவில் நடந்தவர்களின் வழித்தோன்றல்கள் வாய்மொழியாகப் பேணிவரும் குடும்ப வரலாறுகளை இன்னும் முறையாகத் திரட்டவில்லை. எந்த ஊரிலிருந்து வந்தோம், எவர் வழியில் இறந்தார், எந்தக் கங்காணியின் கீழ் எந்தத் தோட்டத்தில் முதலிற் பெயர் பதிந்தார் என்பவற்றை நினைவிற் கொண்டுள்ள முதியோர் ஆண்டுதோறும் மறைந்துவருகின்றனர். தந்தையின் பிறப்பைக் காட்டும் பத்திரம் இல்லை என்பதால் நாடற்றோராக்கப்பட்ட மக்களுக்கு, அவர்தம் வரலாற்றையேனும் பதிந்து கொடுப்பது பல்கலைக்கழகங்கள் செலுத்த வேண்டிய கடனாகும். மாத்தளை மாவட்டத்தின் தோட்டங்களிலிருந்தே அப்பணியைத் தொடங்குவது பொருத்தமாகும்; அம்மக்கள் மலைநாட்டினுள் நுழைந்த வாயில் அதுவேயன்றோ.